நாலாவது தட்டல்

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் திண்டிவனம் தெரியும். இடது பக்கம் திரும்பினால் பாண்டிச்சேரி. வலது பக்கம் திரும்பினால் செஞ்சி, திருவண்ணாமலை. நேரே போனால் விழுப்புரம். ஆக, நம்மில் பலருக்கு அது ஓர் ஊரே அல்ல, ஒரு திருப்பம். பாதித் தூக்கத்தில் கண் திறந்து "எந்த ஊருங்க?" என்று கேட்டு, "திண்டிவனம்" என்று பதில் வந்தால், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்று கண்ணை மூடிக்கொள்கிற இடம்.

விழுப்புரம் பக்கத்துக்காரனான நானும் அந்த ஊரில் பல நூறு தடவை கண்ணை மூடிக்கொண்டவன்தான். அங்கே ஓர் இரவில் நடந்த சம்பவம்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு விதை என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு புத்தகத்தின் மூலம். வேலூரில் படித்த டாக்டர் நண்பர் ஒருவர், "நீ பாட்டுக்கு எதையெதையோ படிக்கிறே, இதையும் படி" என்று கையில் திணித்தார். நான் பி.காம். மருத்துவம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பில்லைக் கூட்டிச் சரிபார்ப்பது மட்டும்தான். இருந்தாலும் படித்தேன். படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் இறக்கி வைக்கப் போகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'டாக்டர் ஐடா'. எழுதியவர் டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க அம்மையார். 1959-ல் வந்தது. வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு. ஐடா அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருடம், 1960 மே மாதம், கொடைக்கானலில் காலமானார்.

முதலில் கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கடர் குடும்பம் என்பது பரம்பரை பரம்பரையாக மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் பக்கம் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். பிள்ளைகள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான இன்னொரு டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள்தான் ஐடா. 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சின்ன வயதில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். இந்த வெயிலும் பஞ்சமும் நமக்கு வேண்டாம், அமெரிக்காவில் படித்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, அங்கேயே சௌகரியமாக இருந்துவிட வேண்டும் என்று தீர்மானமாக இருந்த பெண். தப்பே இல்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே தீர்மானம்தான்.

திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் ஊர் திரும்புகிறார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தது. ஒரு நாள் ராத்திரி கதவு தட்டப்படுகிறது. ஒரு பிராமண இளைஞர். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, நீங்கள் வரவேண்டும் என்கிறார். நான் டாக்டர் இல்லையே, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் என் மனைவியைத் தொடக்கூடாது என்று அவர் திரும்பிவிடுகிறார். அதே இரவில் இரண்டாவது தட்டல், ஒரு முஸ்லிம் கணவர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவது தட்டல், இன்னொரு இந்துக் குடும்பம். அதே கதை. பொழுது விடிகிறது. சாவு மேளம் கேட்கிறது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அன்றைக்கே அப்பா அம்மாவிடம், நான் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்றாராம். போனார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூர் வந்து ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸுகளுக்குப் பயிற்சி. 1918-ல் பெண்களுக்கான மிஷனரி மருத்துவப் பள்ளி. அந்தப் பள்ளிதான் இன்றைய கல்லூரி.

எழுதிய அம்மையார் கெட்டிக்காரர். அந்த இரவை ஒரு நாடகம் மாதிரி காட்டுகிறார். படிக்கும்போது நமக்கே எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு ஊழியத்தின் வரலாற்றை இப்படிக் கையில் பிடித்தால் கீழே வைக்க முடியாதபடி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. நம் ஊரில் நிறுவனங்களின் வரலாறு என்றால் பொன்விழா மலர்தான். பக்கத்துக்கு நாலு வாழ்த்துச் செய்தி, எட்டு மாலை போட்ட போட்டோ. அதற்கு இது எவ்வளவோ மேல். நூற்றுக்கு எழுபது மார்க் தாராளமாகக் கொடுக்கலாம்.

மீதி முப்பதை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்பதுதான் விஷயம்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வரவு என்று ஒன்று எழுதியிருந்தால், பற்று எங்கே என்று எதிர்ப்பக்கம் பார்ப்பான். இந்தப் புத்தகத்தில் வரவுப் பக்கம் பளபளவென்று இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடினேன்.

ஒன்று. அந்தக் கதையைக் கேட்கிற யாரும், அப்போது இந்தியாவில் பெண் டாக்டரே கிடையாது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தேடிப் பார்த்தால் விஷயம் வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இன்னும் மூன்று பேரும் முதலில் நுழைந்தவர்கள். திண்டிவனத்துக் கதவு தட்டப்படுவதற்குப் பதினைந்து வருடம் முன்னால்! மகாராஷ்டிரத்துப் பெண் ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். எந்தக் கல்லூரி தெரியுமா? பின்னாளில் ஐடா முதலில் போய்ச் சேர்ந்த அதே பிலடெல்பியா கல்லூரி. பாவம், ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887-ல், இருபத்திரண்டு வயதுகூட முடியாமல் இறந்துபோனார். அதே 1886-ல் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் டாக்டராகிவிட்டார். வைசிராயின் மனைவி லேடி டஃபரின் பெயரில், பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1885-ல் ஒரு நிதியே தொடங்கப்பட்டது.

அப்புறம் ஏன் திண்டிவனத்தில் அந்த மூன்று பேருக்கும் ஆள் இல்லை?

விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் ரயில் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் நின்றுதான் போனது. அரிசி வந்தது, தபால் வந்தது, கலெக்டர் வந்தார். பெண் டாக்டர் மட்டும் அந்த ரயிலில் வரவில்லை. ஏனென்றால் மொத்தமாக இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், அவர்களும் பெரிய நகரத்தில். ஆக, பிரச்னை 'இந்தியாவில் இருட்டு' என்பதல்ல. விளக்கு இருந்தது, ஆனால் பட்டணத்தில் இருந்தது. இது வேறு கதை. இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட முடியாது. ஏனென்றால் இது இன்னும் முழுசாக முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று வீடுகளிலும் பிரசவம் பார்க்க ஒரு மருத்துவச்சி இருந்திருப்பார். தலைமுறை தலைமுறையாக நம் கிராமங்களில் குழந்தைகளைக் கையில் வாங்கியவர்கள் அவர்கள்தானே. அவருடைய கைக்கு மீறிப் போன பிறகுதான் கணவன் ராத்திரியில் வெள்ளைக்காரர் பங்களாவுக்கு ஓடிவந்திருப்பான். வழக்கமாகச் சொல்லப்படுகிற கதையில் அந்த மருத்துவச்சிக்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என்று கதை நன்றாக இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பொய் என்று நான் சொல்லவில்லை. ஐடா அம்மையார் அதை வாழ்நாள் முழுக்க, அமெரிக்க சர்ச்சுகளில் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டுவதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எழுபது வயதில்கூட ஊர் ஊராகப் போய்த் திரட்டியிருக்கிறார். ஒரு கதையை அத்தனை தடவை சொன்னால் அது மடிப்பு விழுந்துதான் போகும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் அந்த மடிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

இரண்டு. மாணவிகள்.

புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி 1918. பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்றதும் சென்னையில் இருந்த பெரிய மருத்துவ அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். யார் வந்து சேரப்போகிறார்கள் என்று சந்தேகம். விண்ணப்பங்கள் குவிந்தன, பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இருபதுக்கும் குறைவான பெண்களோடு வகுப்பு ஆரம்பமானது. எல்.எம்.பி. என்று அந்தக் காலத்தில் சொன்ன நாலு வருடப் படிப்பு. முதல் வருடத் தேர்வில் எல்லோரும் பாஸ். மாகாணத்தின் ஆண் மாணவர்களுடைய தேர்ச்சி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 1922-ல் பதினான்கு பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். படிக்கும்போது விசில் அடிக்கலாம் போல இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்களை நாம் எங்கே நின்று பார்க்கிறோம்? எப்போதும் பிரின்சிபால் ரூம் ஜன்னலிலிருந்து. அவர்கள் வருகிறார்கள், பயப்படுகிறார்கள், படிக்கிறார்கள், பாஸ் பண்ணுகிறார்கள், 'ஆன்ட் ஐடா' மனம் குளிர்கிறது. அவர்களுக்கு ஐடா ஆசிரியை மட்டுமல்ல, அத்தை. அது அழகுதான். ஆனால் அத்தையின் கண்ணில் படாத ஒரு ஹாஸ்டல் எல்லா ஊரிலும் உண்டு. ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

1918-ல் ஒரு பெண் திருநெல்வேலிப் பக்கமிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ மலையாளத்திலிருந்தோ வேலூர் வெயிலில் வந்து இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுப் புரியவில்லை. பாடம் இங்கிலீஷில். காலையில் மணி, ஜெபம், வகுப்பு, வார்டு, திரும்ப மணி. முதல் நாள் ஒரு பிணத்தின் கையைப் பிடிக்கச் சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்தது? மெஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? எந்தச் சாதிப் பெண் எந்தச் சாதிப் பெண்ணோடு தட்டைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கினாள், எத்தனை நாளில் தயக்கம் போயிற்று? ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் சாதி கழன்று விழுந்துவிடுகிறதா என்ன! ஊரில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அவள் என்னவென்று கடிதம் எழுதினாள்? பதினான்கு பேர் முடித்தார்கள், சரி. பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? அவர்களைப் பற்றித்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாஸானவர்களின் கதையை ஸ்கூல் சொல்லிவிடும். நின்றவர்களின் கதையை யார் சொல்வது?

இப்படியெல்லாம் அந்தக் காலத்தில் யார் எழுதினார்கள், நீ ரொம்ப ஆசைப்படுகிறாய் என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. கிருபாபாய் சத்தியநாதன்.

கிருபாபாய் 1862-ல் அகமத்நகரில், கிறிஸ்தவத்துக்கு மாறிய பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் மிஷன் பெண்மணிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தார். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருடம் பிரமாதமாகப் படித்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பை விட்டார். நான் தேடிய அதே 'பாதியில் நின்ற மாணவி'! பிறகு சாமுவேல் சத்தியநாதனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, 1887-88-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 'சகுணா' என்று ஒரு தொடர் எழுதினார். நாவல் என்று பெயர், பெரும்பாலும் சொந்தக் கதை. 1894-ல், முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அதற்கப்புறம்தான் 'சகுணா' புத்தகமாக வந்தது.

இங்கிலீஷ் கொஞ்சம் பழசு. சில இடங்களில் உபதேசம் தூக்கல். ஆனாலும் 'சகுணா'வைப் படித்தால், ஒரு மிஷன் பள்ளியின் உள்ளே இருக்கிற காற்றை நாமும் சுவாசிக்கலாம். அன்பாக இருந்த அமெரிக்க அம்மாக்களையும் எழுதுகிறார். நம்மூர்ப் பெண்தானே என்று ஒரு படி கீழே வைத்துப் பார்த்த பார்வை சுட்டதையும் எழுதுகிறார். படிப்பில் வந்த சந்தோஷம், இந்துவாக இருந்த உறவுகளுக்கும் கிறிஸ்தவரான வீட்டுக்கும் நடுவில் நின்ற சங்கடம், எல்லாம் இருக்கிறது. நன்றியும் கோபமும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரிகிறது. 'டாக்டர் ஐடா'வுக்கு நன்றி மட்டும்தான் தெரிகிறது. இத்தனைக்கும் 'சகுணா' எழுபது வருடம் முந்தியது.

டாரதி வில்சனுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. அடுத்த சில வருடங்களில், 1963-ல், மேரி வர்கீஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேலூரில் படித்த மலையாளப் பெண். 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, அதற்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அந்தப் புத்தகத்தில் மாணவி நடுவில் வருகிறாள், நிறுவனம் பின்னால் போகிறது. என் கணக்கில் அதுதான் உசத்தியான புத்தகம். ஆனால் பெயர் வாங்கியது என்னவோ முதல் புத்தகம்தான். ஆரம்பித்தவர்களின் கதைதான் நமக்கு வேண்டியிருக்கிறது. அங்கே போய்ப் படித்தவர்களின் கதை நமக்கு அவ்வளவு ருசிப்பதில்லை.

மூன்றாவதுதான் உறுத்தல்.

என் தாத்தாவுக்கு இரண்டு கல்யாணம். முதல் மனைவி தலைப்பிரசவத்தில் போய்விட்டார். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், சுதந்திரத்துக்கு முந்தைய காலம். இரண்டாவதாக வந்தவர்தான் என் பாட்டி. முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்திருந்தால் அப்பா இல்லை, நான் இல்லை, இந்தக் காலமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் புத்தகத்தை முடித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய என் பெரிய அத்தையிடம் கேட்டேன்: "அத்தை, தாத்தாவோட மொதல் சம்சாரம் பேரு என்ன?"

அத்தை வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரா... மூத்தவங்கன்னு சொல்வாங்கடா. ஆடி அமாவாசைக்கு மூத்தவங்களுக்குன்னு ஒரு புடவை வெச்சுப் படைப்போம். பேரு யாருக்குத் தெரியும்?"

வருஷா வருஷம் புடவை வைத்திருக்கிறோம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் பெயரும் நமக்குத் தெரியாது. நூற்று முப்பது வருடமாக அந்தக் கதை சொல்லப்படுகிறது. ஐடாவின் மனம் மாறுவதற்காக அந்த மூன்று பெண்களும் கதைக்குள் வந்து, இறந்து, போய்விடுகிறார்கள். அவர்களுக்கு என்ன வயசு, யார் வீட்டுப் பெண், குழந்தை என்ன ஆயிற்று, எதுவும் கிடையாது. என் வீட்டு 'மூத்தவங்க' என் அப்பா பிறப்பதற்காக இறந்துபோன மாதிரி. இதற்கு டாரதி வில்சனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கடல் தாண்டி வந்தவர். என் அத்தை வீட்டுக்குள்ளேயே இருந்தவர். இரண்டு பேர் கணக்கிலும் அந்தப் பக்கம் காலி.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள்.

சென்னையிலிருந்து அதே சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி, விக்கிரவாண்டியையும் தாண்டினால் முண்டியம்பாக்கம் வரும். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் அங்கே இருக்கிறது. நான் பி.காம். படித்த காலத்தில் அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இன்று எங்கள் கிராமத்துப் பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் 108 அங்கேதான் போகிறது. வார்டு முழுக்கப் பெண் டாக்டர்கள், பெண் மாணவிகள். 2018-20 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மார்கள் 54 பேர். இந்தியா முழுவதற்கும் 97. ஐடா அம்மையார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த 54-ஐயும் கவனித்திருப்பார்.

இதை மிஷன் ஒன்றே செய்யவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார நர்ஸுகள், அரசாங்க மருத்துவக் கல்லூரிகள், பெண்கள் படித்தது, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆனாலும் வேலூர்ப் பள்ளி ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்தது என்று நினைக்கிறேன். டாக்டராக யார் கெட்டிக்காரர் என்பது ஒரு கேள்வி. டாக்டரான பிறகு திண்டிவனத்துக்குப் போய் உட்காருவது யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பரீட்சை வைத்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். பரீட்சையோடு, நாள்கணக்கில் நேர்முகம். கூட்டாக ஒரு வேலையைக் கொடுத்து, ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது. சர்ச்சுகள் அனுப்பி வைக்கிற மாணவர்கள் படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம். என் நண்பர் அப்படிப் போய் ஒரு மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவர்தான். "முதல் ஆறு மாசம் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் திட்ட நேரம் கிடைக்கலை" என்றார்.

நீட் வந்தது. 2017-ல் எங்கள் முறைப்படிதான் தேர்ந்தெடுப்போம் என்று சி.எம்.சி. சொல்லி, நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டது. 99 நாற்காலி காலி. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரு கணக்கு எழுதுவேன். சர்ச் கடிதம் கொடுத்து அனுப்புகிற முறையில், அந்தச் சர்ச்சில் செல்வாக்கு இல்லாத ஏழைப் பிள்ளை விடுபட்டுப் போகலாம். வேறு மதத்துப் பிள்ளைக்கு அங்கே இருக்கிற இடம் குறைவு. நேர்முகத்தில் மனிதர்கள் தப்புப் பண்ணுவார்கள். இதெல்லாம் நிஜம். ஆனால் மார்க் மட்டும் பார்க்கிற முறைக்கு திண்டிவனம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது என்பதும் நிஜம். அதற்குத் தெரிந்தது ரேங்க்தான். கிராமத்தில் போய் இருப்பாயா என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

இந்த வாக்குவாதத்தில்தான் நல்ல புத்தகம் ஒன்று நமக்கு உதவியிருக்க வேண்டும். சேவை மனப்பான்மையை ஒரு ஸ்கூல் கற்றுக்கொடுக்க முடியுமா, அல்லது ஏற்கெனவே இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் முடியுமா? 1918-ல் சேர்ந்த பெண்கள் எப்படி மாறினார்கள், எது மாற்றியது, யார் மாறவில்லை? இதற்குப் பதில் அந்த ஹாஸ்டல் வராந்தாவில் இருந்தது. 'டாக்டர் ஐடா' அந்த வராந்தாவுக்குப் போகாமல் பங்களாவிலேயே நின்றுவிடுகிறது. மூன்று தட்டலால் ஒரு பெண் மாறினாள் என்கிறது. ஒரு பெண் மாற மூன்று தட்டல் போதும், சரி. ஒரு பள்ளிக்கூடம் நூறு வருடம் நடக்க வேண்டுமென்றால், வருஷா வருஷம் புதுப் பெண்கள் வந்து கதவைத் தட்ட வேண்டும். அதுதான் நாலாவது தட்டல். வைத்தியம் பண்ண வாருங்கள் என்று கேட்டவர்கள் மூன்று பேர். எங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுத் தட்டியவர்கள் அதற்கப்புறம் வந்த அத்தனை பேரும். முதல் மூன்றுக்குப் புத்தகம் இருக்கிறது. நாலாவதற்கு இன்னும் சரியான புத்தகம் வேண்டும். தமிழில் யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு. காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அதற்காக 'டாக்டர் ஐடா'வைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். படியுங்கள். படித்த கையோடு 'சகுணா'வையும் படியுங்கள். ஒன்று வாத்தியாரம்மாவைப் பற்றியது, இன்னொன்று மாணவி எழுதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

அப்படியே இன்னொரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய அத்தையோ பாட்டியோ இருந்தால், 'மூத்தவங்க', 'பிரசவத்துல போனவங்க' என்று சொல்கிற யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயர் கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்கும்போது நேரம் கடந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.